கோத்தகிரிக் குளிரில் சுருட்டை முடிக்கு மருதாணி

"ஏன் பாப்பா, தலை சீவலையா?" சின்ன வயதில் எங்கள் லயத்து (தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள்) அக்காமார் என்னைப் பார்த்தால் முதலில் கேட்பது இதைத்தான். சீவியதால் வந்த கோலம்தான் அது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சுருட்டை முடியைக் காய்ந்த நிலையில் நெருக்கமான பல் சீப்பால் சீவினால் சுருள் ஒவ்வொன்றும் பிரிந்து, அடித்த இலவம்பஞ்சு மாதிரி நிற்கும். அம்மா தினமும் காலையில் அப்படித்தான் சீவிவிடுவார். கோத்தகிரியில் மார்கழி, தை மாதங்களில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகிவிடும். அதை அடுப்புத் திண்டில் வைத்து உருக்கி, தலையில் வழிய வழிய ஊற்றி, இறுக்கி இரட்டைச் சடை போட்டு அனுப்புவார். பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் எண்ணெய் திரும்பவும் உறைந்து, வகிட்டோரம் வெள்ளை வெள்ளையாக நிற்கும்.

அம்மாவின் அம்மா, எங்கள் அம்மாயிக்கும் என்னைப் போலவே சுருட்டைதான். அவர் இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவான 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி வந்த குடும்பங்களில் அம்மாயி குடும்பமும் ஒன்று. அங்கே கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டுதான் பறிப்பார்களாம். கயிறு பதிந்த இடத்தில் அவருக்குக் கடைசிவரை முடி சரியாக வளரவில்லை. ஆனால் பின்னந்தலையில் இருந்தது, 70 வயதிலும் திராட்சைக் கொத்து மாதிரி சுருண்டு கிடக்கும். என் தலையைப் பார்த்துவிட்டு அவர் ஒருமுறை சொன்னார்: "இது பரட்டை இல்லடி, பசி. தலை பசிக்குது அதுக்கு." அன்றைக்குச் சிரித்தேன். இப்போது யோசித்தால் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. உச்சந்தலையில் சுரக்கிற எண்ணெய் நேரான முடியில் சுலபமாக நுனிவரை இறங்கிவிடும். வளைந்து வளைந்து போகிற முடியில் பாதி தூரம்கூடப் போகாது. நுனி எப்போதும் காய்ந்தே இருக்கும். ஒவ்வொரு வளைவிலும் மேல்தோல் செதில்கள் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்பதால், மூடுபனி வந்தால் ஈரத்தை உறிஞ்சி உப்பும், வறண்ட பனிக்காலத்தில் இருக்கிற ஈரத்தையும் விட்டுவிடும்.

எனக்குத் தொழில் தையல். கோத்தகிரி பஜாரில் சின்னதாக ஒரு கடை. 24 வயதில், பெரியம்மா மகள் கல்யாணத்துக்கு முந்தின வாரம், கோயம்புத்தூரில் ஒரு பார்லரில் உட்கார்ந்து முடியை நேராக்கிக்கொண்டேன். இரண்டு மாதத் தையல் கூலி அதில் போயிற்று. கல்யாண போட்டோவில் நன்றாகத்தான் இருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து, வேர்ப்பக்கம் நான்கு விரல் உயரத்துக்குச் சுருட்டை, அதன் கீழே வைக்கோல் மாதிரி நேர்முடி. இரண்டும் சேரும் இடத்தில் முடி பட் பட்டென்று ஒடிந்தது. கடையில் துணி வெட்டும்போது மேசை மேல் ஒடிந்த துண்டுகள் விழும், ஊதிவிட்டு வெட்ட வேண்டும். முடியை வெட்ட மனம் வரவில்லை. அப்போதுதான் மருதாணி போட்டுப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன். நிறத்துக்காக இல்லை. அப்போது எனக்கு ஒரு நரைகூட கிடையாது.

முதல் முறை நடந்ததை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தப்பு எல்லாம் அதில் இருக்கிறது. சென்னையில் இருக்கும் அக்கா போனில் பக்குவம் சொன்னாள். 200 கிராம் பொடி, திக்கான டீ டிகாஷன், இரண்டு எலுமிச்சம்பழம், ஒரு முட்டை, இரும்புச் சட்டியில் இரவு முழுக்க ஊற வேண்டும், காலையில் பூசி ஐந்து மணி நேரம் விட வேண்டும். சொன்னபடியே செய்தேன். அது ஜனவரி. காலையில் சட்டியைத் திறந்தால் கலவை நேற்று எப்படி இருந்ததோ அப்படியே பச்சையாக, ஐஸ் மாதிரி இருந்தது. உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்து ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்தேன், துளி சிவப்பு இல்லை. சரி, தலையில் போனால் சிவக்கும் என்று அப்பிக்கொண்டேன். அரை மணியில் பல் கிட்ட ஆரம்பித்தது. இரண்டு மணி நேரத்தில் தலைவலி. ஐந்து மணி நேரம் என்று சொன்னதால் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தேன். கழுவும்போது வெந்நீர் இரண்டு வாளியோடு தீர்ந்துவிட்டது, மீதியைப் பச்சைத் தண்ணீரில் அலசினேன். பொடியில் இருந்த காம்புத் தூள் சுருளுக்குள் போய்ச் சிக்கி, நான்கு நாள் தலையணையில் உதிர்ந்தது. முடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது. ஒரு வாரம் சளி. அம்மாவுக்கு அது போதும்: "மருதாணி குளிர்ச்சி, இந்த ஊருக்கு ஆகாதுன்னு சொன்னேன்ல?"

அம்மா சொன்னதில் பாதி உண்மை. மருதாணியே மலைக் குளிருக்கான செடி இல்லை. வெயிலும் வறண்ட மண்ணும் கண்டால் செழிக்கும். மேட்டுப்பாளையத்தில் வேலியோரம் கேட்பாரற்று வளரும். அங்கிருந்து ஒரு கன்று கொண்டுவந்து வாசலில் வைத்தேன், முதல் பனியிலேயே இலை கருகிப் போயிற்று. இரண்டு ஊருக்கும் நடுவே 33 கிலோமீட்டர் மலைப்பாதைதான், ஆனால் உயரத்தில் ஏறக்குறைய 1,500 மீட்டர் வித்தியாசம். பஸ் குஞ்சப்பனை தாண்டி இறங்கும்போதே ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவோம். அங்கே ஆடி மாதம் பெண்கள் கைகால் எல்லாம் மருதாணி வைத்துக்கொள்வார்கள். ஆடியில் எங்களுக்குச் சாரலும் காற்றும், கையை வெளியே நீட்ட முடியாது. ஆக, சமவெளிக்காரர்கள் சொல்லும் மணிக்கணக்கை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ளக் கூடாது. இது எனக்குப் புரிய ஒரு தலைவலியும் ஒரு சளியும் தேவைப்பட்டது.

மருதாணி இலையில் லாசோன் என்று ஒரு சாயப்பொருள் இருக்கிறது. கையைச் சிவக்கவைப்பது அதுதான். இலைப்பொடி நனைந்த பிறகுதான் அது மெல்ல வெளியே வரும். சூடு இருந்தால் சீக்கிரம் வரும், குளிராக இருந்தாலும் புளிப்பு அதிகமாக இருந்தாலும் தாமதமாகும். நான் புளிப்பையும் குளிரையும் சேர்த்தே வைத்திருக்கிறேன், பிறகு எப்படிச் சிவக்கும்? வெளியே வந்த லாசோன் முடியிலிருக்கும் கெரட்டின் என்ற புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் ஒட்டியதுதான், ஷாம்புக்கு அசையாது. தூக்கி நிற்கும் செதில்கள் மேல் ஒரு பூச்சு விழுந்ததுபோல் முடி கொஞ்சம் தடிமனாகும், வழவழப்பாகும், சட்டென்று ஒடியாது. ஒடிகிற என் முடிக்கு இதுதான் வேண்டியிருந்தது.

ஆனால் ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். மருதாணி முடிக்கு ஈரம் தராது. சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல அது ஒரு பூச்சு, அவ்வளவுதான். தனியாக, எலுமிச்சை போட்டு அப்பினால் முடி இரண்டு மூன்று நாள் வறண்டு கிடக்கும். "மருதாணி போட்டேன், முடி நார் ஆயிடுச்சு" என்று என்னிடம் சொன்னவர்கள் எல்லோரும் அப்படித்தான் போட்டிருந்தார்கள். முடியை மென்மையாக்கும் வேலையை மருதாணியோடு சேர்க்கும் மற்ற பொருட்கள்தான் செய்ய வேண்டும்.

முட்டை, தயிர் விஷயத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. நல்லது என்று நினைத்துச் சேர்க்கிறோம். அவற்றிலும் புரதம் இருப்பதால் லாசோன் கொஞ்சம் அதிலேயே ஒட்டிக்கொண்டு, முடியில் ஏறுவது குறைந்துவிடும். நரையை மறைக்க நினைப்பவர்களுக்கு இது நஷ்டம். பூச்சு லேசாக விழுந்தால் போதும் என்கிற என்னைப் போன்றவர்களுக்கு இதுவே லாபம். இரும்புச் சட்டியும் எனக்கு வேண்டாம். டீயிலிருக்கும் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு மைதான் கிடைக்கும். நிறம் கறுக்க வேண்டும் என்பவர்களுக்கு அது. நான் கண்ணாடிக் கிண்ணம்தான் எடுத்துக்கொள்கிறேன். டீ டிகாஷனை மட்டும் பழக்கத்துக்காக இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறேன். தேயிலைக்காட்டில் பிறந்துவிட்டு டீ இல்லாமல் என்ன செய்வது? பெரிய பலன் என்று சொல்ல மாட்டேன், வாசம் கொஞ்சம் மட்டுப்படும். நனைந்த மருதாணியின் வாசம் எனக்கு ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் அறையைத்தான் ஞாபகப்படுத்தும். பிடித்தவர்களுக்குப் பிடிக்கும்.

பொடி வாங்குவதில்தான் பாதி வெற்றி. ராஜஸ்தானில் பாலி மாவட்டத்துச் சோஜத் மருதாணிக்குப் பேர்போன ஊர். அந்த மருதாணிக்கு 2021-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பாக்கெட்டில் அந்த ஊர்ப் பெயர் இருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள், பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். உள்ளடக்கத்தில் மருதாணி இலை என்ற ஒன்று மட்டும் இருக்க வேண்டும். பச்சைப் பசேல் என்று பெயின்ட் மாதிரி இருந்தால் நிறம் சேர்த்திருப்பார்கள் என்று சந்தேகப்படலாம். நல்ல பொடி காய்ந்த புல் நிறத்தில், கொஞ்சம் பழுப்பு ஓடிய பச்சையாக இருக்கும். பழைய பொடி முழுக்கப் பழுப்பாகிவிடும், அதில் சத்து இறங்கியிருக்கும்.

"கறுப்பு மருதாணி" என்று விற்பதைத் தலைக்கு மட்டுமல்ல, கைக்கும் தொட மாட்டேன். மருதாணி இலையில் கறுப்பு கிடையாது. சீக்கிரம் கறுக்க வேண்டும் என்று பாரா-ஃபினைலீன் டையமின் என்ற ரசாயனத்தைச் சேர்ப்பார்கள். சிலருக்கு அது கொப்புளம் கொப்புளமாகக் கிளப்பி, முகமே வீங்கிவிடும். அவுரிப் பொடி வேறு, அது இலைதான். மருதாணிக்கு மேல் அதைப் போட்டால் கறுக்கும். ஆனால் என் முடியை அது இன்னும் வறட்டியது, ஒரு தடவையோடு விட்டுவிட்டேன். முடியை நேராக்கியவர்கள், வெளுக்கவைத்துச் சாயம் போட்டவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கலப்படப் பொடியில் உலோக உப்பு இருந்தால், பின்னால் பார்லரில் போடும் ரசாயனத்தோடு அது மோதி முடியையே பொசுக்கிவிடும். சீப்பில் வரும் உதிர்ந்த முடியைச் சேர்த்து வைத்து, முதலில் அதில் கலவையைப் பூசிப் பார்த்துவிடுங்கள். முழங்கை மடிப்பிலும் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் விட்டுப் பார்ப்பது நல்லது.

அடுத்தது சலிப்பது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, தையல்காரியாக இருந்ததால் கண்டுபிடித்தேன். மாவுச் சல்லடையெல்லாம் போதாது. கடையில் மீந்த மெல்லிய மல் துணியை இரண்டாக மடித்து, வாயகன்ற பாத்திரத்தின் மேல் தொய்வாகக் கட்டி, ஒரு கரண்டி பொடியைப் போட்டு விரல் நுனியால் மெதுவாகத் தேய்ப்பேன். கீழே முகப்பவுடர் மாதிரி இறங்கும். துணிமேல் நிற்பது எல்லாம் காம்பும் நரம்பும் மணலும். ஒருமுறை 100 கிராம் பாக்கெட்டில் ஒரு கைப்பிடி நின்றது! அத்தனையும்தான் முதல் முறை என் சுருளுக்குள் உட்கார்ந்திருந்தது. பக்கத்துக் கடை சித்த வைத்தியர் பார்த்துவிட்டுச் சொன்னார், மருந்துப் பொடிகளை இப்படித் துணியில் சலிப்பதற்கு வஸ்திரகாயம் என்று பெயராம். நேர்முடிக்காரர்கள் இந்த வேலையை விட்டுவிட்டாலும் சீப்பு காப்பாற்றிவிடும். சுருட்டைக்கு வஸ்திரகாயம் இல்லாமல் முடியவே முடியாது.

இப்போது நான் செய்யும் அளவு இது. முதுகின் பாதிவரை வரும் முடிக்கு, சலித்த மருதாணிப் பொடி 4 மேசைக்கரண்டி போதும். 200 கிராம் எல்லாம் வேண்டாம். அதோடு நெல்லிக்காய்ப் பொடி ஒரு மேசைக்கரண்டி. இரவே ஒரு கரண்டி வெந்தயத்தை ஊறவைத்து, காலையில் கோந்து மாதிரி அரைத்துக்கொள்வேன். அந்த வழவழப்புதான் கழுவும்போது பொடியை வழுக்கிக்கொண்டு இறக்கும். செம்பருத்தி இலை கிடைத்தால் கசக்கிப் பிழிந்தும் சேர்க்கலாம், அதுவும் அதே வேலையைச் செய்யும். கெட்டித் தேங்காய்ப்பால் அரைக் கிண்ணம், அது இல்லையென்றால் புளிக்காத தயிர். கடைசியில் சாதாரண கண்டிஷனர் நான்கைந்து கரண்டி. விலை உயர்ந்தது எதுவும் தேவையில்லை. எலுமிச்சை கிடையாது, முட்டை கிடையாது. முட்டை போட்ட தலையில் வெந்நீர் ஊற்றி அலசியவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கலக்கக் கூடாது. முதலில் மருதாணிப் பொடியை மட்டும் வெதுவெதுப்பான டிகாஷனில் இட்லி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்து ஊறவைக்க வேண்டும். இங்கேதான் குளிருக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். வீட்டில் சப்பாத்தி வைக்கும் ஹாட் பாக்ஸ் இருக்கிறதல்லவா, அதில் கை பொறுக்கும் சூட்டில் இரண்டு அங்குலம் வெந்நீர் ஊற்றி, அதற்குள் மருதாணிக் கிண்ணத்தை வைத்து மூடிவிடுவேன். இரண்டு மணி நேரத்தில் மேல்பரப்பு பழுப்பாகி, ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் நீர் கசிந்து நிற்கும். கரண்டியால் கீறினால் உள்ளே இன்னும் பச்சையாக இருக்கும். உள்ளங்கையில் பொட்டு வைத்துத் துடைத்தால் காவி நிறம் பிடிக்கும். அதுதான் பதம். கொதிக்கிற தண்ணீரைப் பொடியில் நேரே ஊற்றிவிடாதீர்கள். சாயம் அவசரமாக வந்து அவசரமாகவே செத்துவிடும். பதம் வந்த பிறகு நெல்லிப்பொடி, வெந்தயம், தேங்காய்ப்பால், கண்டிஷனர் எல்லாம் சேர்த்து உடனே பூச வேண்டும்.

எங்கள் ஊரில் நாளும் நேரமும் பார்த்துத்தான் தலைக்குப் பூச வேண்டும். பஞ்சாங்கம் இல்லை, வானம். காலையில் மூடுபனி இல்லாமல் வெயில் சுள்ளென்று அடித்தால், கலவையை ஒன்பதுக்கு ஊறவைத்து, பதினொன்றுக்குப் பூசி, ஒரு மணிக்குக் கழுவிவிடுவேன். சாயங்காலம் மூன்று, நான்கு மணிக்கு மஞ்சு இறங்க ஆரம்பித்துவிட்டால் சுருட்டை முடி காயவே காயாது. ஈரத்தலையோடு படுத்தால் அம்மா வாயில் விழ வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையையே எடுப்பதில்லை.

முந்தின நாள் எண்ணெய்ப் பிசுக்கு போக அரப்போ ஷாம்புவோ போட்டுத் தேய்த்துவிட வேண்டும். எண்ணெய்த் தலையில் மருதாணி சரியாக ஒட்டாது. பூசும்போது முடி ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. ஆறு பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் விரலாலேயே சிக்கெடுத்து, கலவையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து மேலிருந்து கீழாக வழித்துவிட வேண்டும். தேய்க்கக் கூடாது, கசக்கக் கூடாது. பாகத்தை விரலில் சுற்றிக் கொண்டையாக்கி அப்படியே விட்டுவிடலாம். நெற்றியோரம் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவாவிட்டால் மூன்று நாள் காவி நெற்றியோடு கடையில் உட்கார வேண்டியிருக்கும். பிறகு மெல்லிய பாலித்தீன் கவர், அதன் மேல் அடுப்போரம் சூடாக்கிய துண்டு, அதற்கும் மேல் கம்பளிக் குல்லா. நான் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடுவதில்லை. சூடாக வைத்திருந்தால் அதுவே போதும்.

கழுவுவதற்கு முன்பே வெந்நீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று வாளி இல்லாமல் நான் ஆரம்பிப்பதில்லை. முதல் வாளியில் குனிந்து தலையை முக்கி, துணி அலசுவதுபோல மெதுவாக ஆட்டினால் பாதிக் கலவை தானாகவே கரைந்து இறங்கும். தலைக்கு மேலிருந்து சொம்பால் ஊற்றிக்கொண்டே இருந்தால் தண்ணீர்தான் செலவாகும், சுருளுக்குள் இருப்பது வராது. இரண்டாம் வாளிக்கு முன் கண்டிஷனரை நன்றாகத் தடவி, விரலால் கோதினால் மீதியும் வழுக்கிக்கொண்டு வரும். மூன்றாவது வாளி கடைசி அலசல். ஷாம்பு இரண்டு நாளைக்குத் தொடக் கூடாது. எங்கள் மலைத் தண்ணீர் மென்மையானது, சோப்பு போட்டால் நுரை போகவே போகாது. உப்புத் தண்ணீர் ஊர்களில் என் நாத்தனார் இதே பக்குவத்தைச் செய்தபோது முடி கொஞ்சம் முரடாகத்தான் வந்தது. கடைசி வாளிக்கு மட்டும் பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ குடிதண்ணீரோ எடுத்ததும் சரியாகிவிட்டது.

முதல் நாள் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். அன்றைக்கு முடி கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும். கறுப்பு முடியில் நிறம் பெரிதாகத் தெரியாது, வெயிலில் நின்றால் செம்பு ஓடும். நரை இருந்தால் முதலில் ஆரஞ்சாகத் தெரிந்து பயமுறுத்தும், இரண்டு மூன்று நாளில் காற்றுப் பட்டு அடங்கி ஆழமாகும். மூன்றாம் நாள் தேங்காய்ப்பாலையோ கண்டிஷனரையோ தடவி அரை மணி ஊறவைத்து அலசினால் அப்போதுதான் உண்மையான பலன் தெரியும். எனக்கு முதன்முதலாகத் தெரிந்தது கண்ணாடியில் இல்லை, வெட்டுமேசையில். ஒரு நாள் முழுக்கத் தைத்தும் துணிமேல் முடித்துண்டு விழவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் அடுத்த தப்பைச் செய்தேன். மாதம் தவறாமல் போட ஆரம்பித்தேன், அதுவும் வேரிலிருந்து நுனிவரை, தேங்காய்ப்பால் சேர்க்காமல் கெட்டியாக. ஒரு வருடம் ஆனது. நெற்றிக்கு முன்னால் ஸ்பிரிங் மாதிரி நின்ற சுருள்கள் ஒவ்வொன்றாக அலைமுடியாக இறங்கிவிட்டன. பூச்சு மேல் பூச்சு ஏறினால் முடி கனமாகும், கனமானால் சுருள் இளகும். அதுவும் ஒட்டினால் போகாத பூச்சு. பார்லரில் காசு கொடுத்து நேராக்கியதை நானே வீட்டில் கால்வாசி செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்ததும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்தச் சுருள் வளர்ந்துதான் திரும்ப வந்தது, இரண்டு வருடம் பிடித்தது. அதன் பிறகுதான் நெல்லிப்பொடி சேர்க்க ஆரம்பித்தேன். நெல்லி சேர்த்தால் சுருள் நிற்கும் என்று பலர் சொல்வார்கள், எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அதைவிட முக்கியமானது, இப்போது வருடத்துக்கு மூன்று நான்கு முறைக்கு மேல் போடுவதில்லை. முழு நீளத்துக்கும் போடுவது ஒருமுறைதான், மற்ற நேரம் புதிதாக வளர்ந்த பகுதிக்கு மட்டும். சுருள் தளர்வதாகத் தோன்றினால் நிறுத்திவிடுங்கள்.

மருதாணியைக் குறை சொல்வதற்கு முன் குல்லாவையும் பார்க்க வேண்டும். மலைக்காரர்களுக்கு மட்டுமே உள்ள தொல்லை இது. கம்பளிக் குல்லாவும் சால்வையும் நாள் முழுக்க உராய்ந்தால் எந்தப் பக்குவமும் நிற்காது. பழைய சாட்டின் உள்பாவாடையை வெட்டிக் குல்லாவுக்கு உள்பக்கம் லைனிங் தைத்துக்கொண்டேன். பார்த்தவர்கள் கேட்டு வாங்க, இப்போது பனிக்காலத்தில் கடையில் அதுவே தனி வியாபாரம்.

என் மகளுக்கு ஒன்பது வயது. அதே சுருட்டை, அம்மாயியின் திராட்சைக் கொத்து. எனக்கும் போட்டுவிடு என்று நச்சரிக்கிறாள். தலைக்கு இன்னும் போடவில்லை. அவள் முடியில் ஒடிவதற்கு ஒன்றும் இல்லை, வெந்தயமும் தேங்காய்ப்பாலும் ஈரத்தில் பெரிய பல் சீப்பும் போதும். தவிர, ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு மருதாணி ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், அதிலும் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. குடும்பத்தில் யாருக்காவது அப்படி இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கையில்கூட வைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அந்தக் குறை இல்லை என்று பார்த்த பிறகுதான் போன முறை கிண்ணத்தில் மீந்ததை அவள் உள்ளங்கையில் வட்டமாக வைத்தேன். குளிரில் அவள் கையை மூடிக்கொண்டே தூங்கிவிட்டாள், காலையில் பத்து விரலும் காவி. பித்த உடம்பு, அதான் இப்படிச் சிவந்திருக்கு என்றார் அம்மா. கண்டிஷனர் கலந்த கலவைக்கு அவ்வளவு சிவப்பு எப்படி வந்தது என்றுதான் எனக்கு ஆச்சரியம். அப்புறம் பார்த்தால், கலக்கும் முன்பே ஹாட் பாக்ஸிலிருந்து ஒரு கரண்டி எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள்.

ஹாட் பாக்ஸின் உள்பக்கம் இப்போது நிரந்தரமாகக் காவியேறிவிட்டது. சப்பாத்திக்கு வேறு வாங்கியாயிற்று. இன்று காலை எண்ணெய் பாட்டில் திரும்பவும் கல்லாகிக் கிடந்தது, ஆகவே அடுத்த மருதாணி இனி மாசிக்கு மேல்தான்.